தொட்டி மோட்டாரை நிறுத்திய நாள்

என் வாயாடிக்கு,

ஆய்வுக்கூடத்துல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஓடைக் கல்லுல காது மாதிரி ஒட்டி வளருமே நீலப்பச்சைப் பாசி, அதைத் தொட்டியில வளர்க்கிறோம். தண்ணியை ஓடவைக்கிற மோட்டார் நாள் முழுக்க உறுமும். எனக்குத்தான் சத்தமே ஆகாதே. மதியம் சாப்பிட உட்கார்ந்தப்போ அணைச்சுட்டேன்.

திரும்பி வந்து பார்த்தா, பாசி விடுற ஆக்சிஜன் பாதியாக் குறைஞ்சிருக்கு. விளக்கு எரியுது, தண்ணியில எல்லாச் சத்தும் இருக்கு.

"இதுக்கு என்ன குறைச்சல் மேடம்?"னு கேட்டேன்.

"தண்ணி ஓடலைன்னா, பாசியைச் சுத்தி ஒட்டியிருக்கிற தண்ணி அப்படியே தேங்கிடும். உள்ள போக வேண்டியது போகாது, வெளிய வர வேண்டியது வராது. அப்புறம் எவ்வளவு வெளிச்சம் இருந்து என்ன?"னு பிடிபிடின்னு பிடிச்சுட்டாங்க.

நீ பெட்டி அடுக்கின அன்னிக்கும் "உனக்கு இங்க என்ன குறைச்சல்?"னுதான் கேட்டேன்.

உங்க அக்கா வீட்ல பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது. இங்க நான் ஆசைப்பட்ட அமைதி வீடு முழுக்க இருக்கு.

அணை அணைன்னு நான் கத்துவேனே, உன் ரேடியோ, அது ஒரு வாரமா சமையலறையில பாடிக்கிட்டே இருக்கு. நேத்து பக்கத்து வீட்டுக்காரர் வந்து கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.

குறைக்கல.

உன் உம்மணாமூஞ்சி