வயிற்றுக்கு எதிரே எழுதப்பட்ட பூஜ்யத்தைத் திருத்தக் கோரி

அனுப்புநர்:
ஊல்கான் எசென்குலோவா,
வானிலைப் பதிவாளர்,
4ஆம் கட்டடம், வீடு 11 (மூன்றாம் தளம்),
நீர்த்தொட்டித் தெரு, தாஷ்-கெச்சூ, கிர்கிஸ்தான்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மாகாணச் சுகாதாரத் துறை.

பொருள்: என் மகள் பெகிமாயின் காயத் தீவிர மதிப்பெண் 13 எனப் பதிவாகியுள்ளதை 29 எனத் திருத்துவது குறித்து.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம் எண் 212, நாள் 19.07.2024.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆறு வயதான என் மகள் 03.06.2024 திங்கட்கிழமை காலை பத்து நாற்பதுக்கு எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து கீழே விழுந்தாள். முற்றத்தில் அவளுடைய தோழி கூப்பிட்டாள். இவள் கொசுவலையில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். வலை சட்டத்தோடு கழன்றது. நான் மூன்றடி தள்ளி நின்று மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ஜன்னலைச் சாத்தாதது என் தவறு. அது தொடர்பாக இந்த மனுவில் எதையும் கோரவில்லை.

2. பதினொன்று ஐந்துக்கு எங்கள் ஊர் மருத்துவமனையில் சேர்த்தோம். பணியில் இருந்த மருத்துவர் கெங்கேஷ் அவர்கள் பரிசோதித்து மதிப்பெண் தாளை நிரப்பினார். காயங்களை உடலின் பகுதிவாரியாகப் பார்த்து எண் கொடுத்து, மிக மோசமான மூன்று பகுதிகளின் எண்களை எடுத்து, ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கிக் கூட்டுவது முறை என்று பிறகு தெரிந்துகொண்டேன். தலைக்கு மூன்று, அதாவது ஒன்பது. கால் எலும்புக்கு இரண்டு, அதாவது நான்கு. வயிற்றுக்குப் பூஜ்யம். மொத்தம் பதிமூன்று. பதினாறும் அதற்கு மேலும் இருந்தால் உடனே தலைநகருக்கு அனுப்ப வேண்டும் என்பது தங்கள் துறையின் விதி.

3. வயிற்றை ஸ்கேன் செய்பவர் அன்று கிராம முகாமுக்குப் போயிருந்தார். நான்கு மணிக்கு மேல்தான் வருவார் என்றார்கள். எனவே வயிறு பார்க்கப்படவில்லை. தாளில் மட்டும் பூஜ்யம் எழுதப்பட்டது.

4. மருத்துவர் என்னிடம், "பதிமூணுதாம்மா வந்திருக்கு. பதிமூணுன்னா நூத்துக்குத் தொண்ணூத்தெட்டுப் பிள்ளைங்க நல்லபடியா வீட்டுக்குப் போகும். பயப்படாதீங்க" என்றார். நான் நம்பினேன். என் வேலையே எண்களோடுதான். ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கும் என் கணவர் ஜாக்ஷிலிக்குக்கு ஃபோன் செய்து, எண் குறைவாக இருந்தால் நல்லது என்று விளக்கினேன். "பரவாயில்ல, என் பொண்ணு மார்க் கம்மியா வாங்கினதுக்கு மொதத் தடவையா சந்தோஷப்படுறேன்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது மணி பன்னிரண்டே கால்.

5. ஒன்றரை மணிக்கு மகள், "அம்மா, சட்டை இறுக்குது" என்றாள். அவள் போட்டிருந்தது மருத்துவமனையின் தொளதொளச் சட்டை. செவிலியர் அசீபா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், நாடியை எண்ணினார். பிறகு மூன்று முறை மருத்துவரிடம் போனார். மூன்றாவது முறை தாழ்வாரத்தில் நின்று நான் கேட்டது இது: "பதினாறு வராம நான் வண்டி கேட்டா மேலிடத்துல என்னைத்தான் நிக்க வெச்சுக் கேப்பாங்க, அசீபா. ஸ்கேன் வரட்டும்." "பாக்காமலே பூஜ்யம் போட்டா பதினாறு எங்கிருந்து டாக்டர் வரும்?" என்று அசீபா கேட்டார்.  சற்றுக் கழித்து மருத்துவர் தன் கோப்பையிலேயே எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் கெட்ட மனிதர் அல்லர் என்பதையும் பதிவு செய்கிறேன்.

6. நான்கு இருபத்தைந்துக்கு ஸ்கேன் எடுக்கப்பட்டது. மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் இரத்தம் நிறைந்திருந்தது. வயிற்றுக்கு நான்கு, அதாவது பதினாறு. மொத்தம் இருபத்தொன்பது. குழந்தைகளுக்கு அறுவை செய்பவர் எங்கள் ஊரில் இல்லாததால் ஐந்து பத்துக்கு வண்டி புறப்பட்டது. தலைநகருக்கு நாலரை மணி நேரப் பாதை. ஏழு இருபதுக்கு, கணவாயின் மேலே, குமிஸ் என்னும் புளித்த குதிரைப்பால் விற்பவர்களின் கூடாரங்களைத் தாண்டியதும் உடன் வந்த மருத்துவப் பணியாளர்கள் அவள் நாடியைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். வெளியே இன்னும் வெளிச்சமாக இருந்தது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். பிறகு வண்டி ஊருக்கே திரும்பியது.

7. என் முதல் புகாருக்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய பதிலில், "சேர்க்கையின்போது மதிப்பெண் 13, பிழைக்கும் வாய்ப்பு 98 விழுக்காடு, தங்கள் மகள் துரதிர்ஷ்டவசமாக எஞ்சிய இரண்டில் அடங்குகிறார்" என்று உள்ளது. அடக்கத்துக்கு வந்து தங்கிவிட்ட என் கணவர் அதைப் படித்துவிட்டு, "அந்த ரெண்டுக்குள்ள நம்ம பொண்ணு எப்படிப் போனா?" என்று கேட்டார். தாளை எடுத்து வைத்துக் கணக்கை விளக்கினேன். முழுவதும் கேட்டார். பிறகு எழுந்துபோய், கழுவி வைத்திருந்த தட்டுகளை மறுபடி கழுவினார்.

8. ஐயா, நான் பத்தொன்பது வருடங்களாக மழைமானி பார்க்கிறேன். பார்த்தேன், மழை இல்லை என்றால் பூஜ்யம் எழுதுவேன். பார்க்க முடியவில்லை என்றால் கோடு போடுவேன். ஒரு பனிப்புயலில் இரண்டு நாட்கள் நிலையத்துக்குப் போக முடியாதபோது இரண்டு கோடுகள் போட்டேன். பூஜ்யம் போட்டிருந்தால் என்னை வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள், அதுதான் சரி. தங்கள் தாளில் இந்த இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. என் மகள் இரண்டு விழுக்காட்டில் அடங்கவில்லை. அவளுக்கு எழுதப்பட்ட எண் அவளுடையது அல்ல.

9. கடந்த மூன்று வருடங்களில் உயரத்திலிருந்து விழுந்த குழந்தைகளின் மதிப்பெண்களைத் தொகுத்து, எந்த எண்ணுக்கு எத்தனை பேர் பிழைப்பார்கள் என்ற புதிய அட்டவணையைத் தங்கள் துறை அக்டோபர் முதல் தேதி வெளியிடப்போவதாக அறிகிறேன். பெகிமாய் அதில் பதிமூன்றாம் வரியில் இருப்பாள். பதிமூன்றிலும் சிலர் இறப்பதுண்டு என்று மருத்துவர்கள் படிப்பார்கள். வயிறு பார்க்கப்படவே இல்லை என்பதைப் படிக்கமாட்டார்கள். அடுத்த பிள்ளையையும் அந்த வரியை வைத்தே படுக்கையில் வைத்திருப்பார்கள்.

10. ஆகவே, அட்டவணை வெளிவருவதற்கு முன் என் மகளின் மதிப்பெண்ணைத் திருத்த வேண்டும். பரிசோதிக்காத பகுதிக்குத் தாளில் தனிக் குறி வேண்டும். அந்தக் குறி இருக்கும்வரை மொத்தம் எழுதக் கூடாது, மொத்தத்தைக் காட்டி வண்டியை மறுக்கவும் கூடாது. மருத்துவர் கெங்கேஷ் மீது நடவடிக்கை எதுவும் நான் கேட்கவில்லை. ஆனால், தாளின் நகலை எனக்குக் கொடுத்ததற்காகத் துணிக்கிடங்குக்கு மாற்றப்பட்ட செவிலியர் அசீபாவை மீண்டும் குழந்தைகள் பிரிவில் அமர்த்த வேண்டும். வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர் அன்று அவர் ஒருவர்தான்.

11. முந்தைய கடிதத்தில் ஆழ்ந்த அனுதாபம் இரண்டு முறை தெரிவிக்கப்பட்டிருந்தது. பெற்றுக்கொண்டேன். இம்முறை அது வேண்டாம். திருத்திய தாளின் நகலை மட்டும் அனுப்பிவைத்தால் போதுமானது.

இடம்: தாஷ்-கெச்சூ
நாள்: 12.08.2024

இப்படிக்கு,
(ஒப்பம்)
ஊல்கான் எசென்குலோவா
பெகிமாயின் தாய்

இணைப்பு: மதிப்பெண் தாள், காலை 11.20 (நகல்), மதிப்பெண் தாள், மாலை 4.40 (நகல்).