ஆரின்ரை பேரை எழுதுறது?

ஒக்ரோபர் 6, திங்கள்

மப்பு. மழை இல்லை. ஒரே புழுக்கம். காலை பெரியாசுபத்திரி. வயிற்றுக் கட்டியை அடுத்த செவ்வாய் வெட்டுவதாக முடிவு. வயது எழுபத்திரண்டு, இதயமும் பலவீனம். மயக்கத்திலிருந்து எழும்பாமலும் போகலாமாம். டொக்டர் மறைக்கவில்லை.

"ஐயா, நீங்கள் கதைக்க ஏலாமல் போனால் நாங்கள் ஆரைக் கேக்கிறது?"

மகனை என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்லுறன்."

ஒரு கடிதம் போதுமாம். அந்த ஆளோடு பேசி எழுதிக் கொடுத்தால் கோப்பில் வைப்பாராம்.

மானிப்பாய் வரை பஸ்ஸில் நின்றபடி. தேங்காய் வாங்க மறதி.

7, செவ்வாய்

கிணற்றடிக்கும் படலைக்கும் நடை. இருக்க முடியவில்லை.

சுதன் – ஒரே மகன். கனடா. என்னைச் சாக விடமாட்டான். அவன் தாயைச் சாகும்வரை பதினெட்டு நாள் குழாய்களோடு வைத்திருந்தோம். "அம்மாவை விட்டிடாதேங்கோ" என்று போனில் அழுதான்.

தம்பி – மருதனார்மடம். நல்லவன். ஆஸ்பத்திரி வாசலிலேயே மயங்கிவிடுவான்.

நளினி – சு.வின் மனைவியாக இருந்தவள். பிரிந்து நாலு வருடம். அச்சுவேலியில் படிப்பிக்கிறாள். என் மனைவி பேச முடிந்த நாளில், "மாமி, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டது நளினி ஒருத்திதான். வீட்டை போகவேணும் என்றாள் மனைவி. நளினி வந்து சொன்னதும் நான்: "நீ உதுக்குள்ளை தலையிடாதை."

வேறு பெயர் வரவில்லை.

8, புதன்

இரண்டு பஸ் மாறி அச்சுவேலி. பள்ளிக்கூடம் விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். "வாங்கோ மாமா" என்றாள். தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

விஷயத்தைச் சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு,

"நான் இப்ப உங்களுக்கு ஆர், மாமா? அண்டைக்குத் தலையிடாதை எண்டனீங்கள்."

"ஓம். பிழை. மாமி கேட்டதை நான் செய்யேல்லை."

கோப்பையைத் திரும்ப எடுத்தாள். "அவருக்குத் தெரியாமல் நான் மாட்டன். முதல் மகனோடை கதையுங்கோ."

9, வியாழன்

சு.வோடு போன். "அவள் ஆர் உங்கடை உயிருக்குப் பொறுப்பு நிக்க? நான் செத்துப் போனனே?" நானும் கத்திவிட்டேன். வைத்துவிட்டான்.

நெஞ்சு படபடப்பு. காலைக் குளிசை போட்டேனா, நினைவில்லை. தூறல். கொடியில் உடுப்பு நனைந்தது.

11, சனி

சு. தானாக எடுத்தான். சாப்பிட்டேனா என்று கேட்டான். பிறகு,

"அம்மாவை நான் வதைச்சுப்போட்டன் எண்டு நினைக்கிறியளோ, அப்பா?"

"நீ தூரத்திலை நிண்டாய். பக்கத்திலை நிண்டவன் நான்."

அழுதான். நானும். கடைசியில், "அவவையே போடுங்கோ. எனக்கு ஒண்டையும் மறைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

12, ஞாயிறு

நளினி ஸ்கூட்டரில் வந்தாள், ஒரு கொப்பியோடு. கேள்விகள்! ஆளை அடையாளம் தெரியாமல் போனால்? சாப்பாட்டுக் குழாய்? மெஷினில் எத்தனை நாள்?

"சாகமுதலே பிரேத விசாரணையோ?" என்று எரிந்து விழுந்தேன்.

"உங்களிட்டைக் கேக்காமல் ஆரிட்டைக் கேக்கிறது, மாமா?"

சொன்னேன். மெஷின் கொஞ்ச நாள் சரி. எழும்பமாட்டேன் என்று டொக்டர்மார் சொன்னால் கழற்றி, வீட்டுக்குக் கொண்டுவா. நோகாமல் பார். எழுதும்போது அவள் கை இரண்டு தரம் நின்றது. இருவரும் கையெழுத்து. பிறகு புட்டு அவித்தாள். நன்றாகச் சாப்பிட்டேன்.

13, திங்கள்

வார்ட். சாரம் 3, துவாய், கண்ணாடி, குளிசைப் பை. டொக்டர் கடிதத்தை இரண்டு முறை வாசித்துக் கோப்பில் வைத்தார். நளினியின் நம்பரையும் குறித்துக்கொண்டார்.

அவள் விறாந்தையில் நின்று சு.வோடு கதைக்கிறாள். நாலு வருடத்துக்குப் பிறகு. முழுவதும் கேட்கவில்லை. "ஓம், பயந்துதான் இருக்கிறார். காட்டமாட்டார்" என்றது மட்டும் கேட்டது.

நர்ஸ் வந்து மோதிரத்தைக் கழற்றச் சொல்கிறார். விரல் வீக்கம், கழறவில்லை. சவர்க்காரம் எடுக்கப் போயிருக்கிறார்.