துடைக்காமல் விட்ட சந்தனம்

என்னங்க,

எங்கே இருந்தாலும் கொஞ்சம் காது கொடுங்கள். பெயர் சொல்லி உங்களைக் கூப்பிட்டதில்லை. கடிதத்தில் மட்டும் புதிதாகவா பழகப் போகிறேன்?

இன்று உங்கள் துப்பாக்கியைக் கோலசிலாங்கூர் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தேன். லைசன் உங்களோடு முடிந்துவிட்டதாம். வீட்டார் யாராவது தன் பெயரில் மனுப் போட்டால், முடிவு வரும்வரை அது போலீஸ் கிடங்கில் இருக்கும். இல்லையென்றால் அழித்துவிடுவார்கள்.

மகனைக் கேட்டேன். “எனக்கு எதுக்கும்மா அது? கொடுத்துட்டு வந்துருங்க லா. பன்னி வெரட்டுன காலமெல்லாம் போச்சு,” என்றான், புஞ்சாக் ஆலாமிலிருந்து போனில். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நானே என் பெயரில் மனுப் போட்டுவிட்டேன். சிரிக்காதீர்கள். இந்த வயதில் எனக்குக் கொடுப்பார்களா?

எனக்கு ஒரு சேலை எடுக்க ஆயிரம் சாக்கு. துப்பாக்கிக்கு எண்ணெய் வாங்க மட்டும் கிள்ளான்வரை போவீர்கள். சக்களத்தி என்றுதானே அதைத் திட்டுவேன்? நேற்று அந்தச் சக்களத்திக்கு நானே குளிப்பாட்டிப் பணிவிடை செய்தேன்.

கிடங்கில் வருடக்கணக்கில் கிடந்தாலும் யாரும் எண்ணெய் போட மாட்டார்கள். அதனால் நீங்கள் செய்ததை நினைத்து நினைத்துச் செய்தேன். முதலில் கம்பியைக் குழலின் வாய் வழியாக விட்டு, உள்ளே வெடிமருந்து கெட்டித்திருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டேன். பிறகு கொதிநீர் ஊற்றினேன். தெளிவாகவே வந்தது, அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தீர்கள். உங்கள் பழைய வேட்டியைக் கிழித்துக் கம்பியில் சுற்றித் துடைத்தேன். குழல் அந்தச் சூட்டிலேயே காய்ந்ததும் உள்ளும் புறமும் எண்ணெய்.

வெளியே துடைக்கும்போதுதான் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு நான் பூசிய சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. சுரண்டினால் அடியில் துரு. என் மூன்று விரல் அகலத்துக்கு மூன்று கோடு.

வருடா வருடம் நான் சந்தனம் பூசுவேன். மறுநாள் விடிந்ததும் நீங்கள் துடைத்து எண்ணெய் போடுவீர்கள். இந்த வருடம் நீங்கள் ஆஸ்பத்திரியில். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டீர்கள்.

“தொடச்சிட்டியா?”

“தொடச்சிட்டேன், நீங்க படுங்க.”

பொய். நீங்கள் வந்து துடைக்கட்டும் என்று விட்டுவைத்தேன். உங்களுக்காக ஒரு வேலை காத்திருந்தால் வந்துவிடுவீர்கள் என்று ஒரு நப்பாசை. நீங்கள் வரவில்லை. இந்தக் கடற்காற்றில் இரும்பு எத்தனை நாள் பொறுக்கும்?

எண்ணெய் விட்டு மாலைவரை தேய்த்தேன். சிவப்பு போனது, தழும்பு போகவில்லை. “என்ன இப்படிப் பண்ணி வெச்சிருக்க?” என்று திட்டவாவது ஒரு குரல் இருந்தால் தேவலை என்றிருந்தது. வீட்டில் சுவர்க்கோழிகூட இல்லை.

போலீஸ் நிலையத்தில் ஒரு மலாய்க்காரப் பையன் ஃபாரம் நிரப்பினான். கோடுகளைத் தடவி, “மக்சிக், இது என்ன?” என்று அவன் மொழியில், அத்தையைக் கூப்பிடுவதுபோல், கேட்டான். உங்கள் கைத்தவறு என்று எழுதிவிடுவானோ என்று பயந்துபோனேன். “என் தப்பு. துடைத்துவிட்டேன் என்று அவரிடம் பொய் சொன்னேன்,” என்றேன், எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில். அவன் பேனாவை வைத்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். எண்ணெய் பிடிக்கட்டைக்குள் இறங்காமல் இருக்க, குழலின் வாய் கீழே பார்த்து நிற்கட்டும் என்றேன். அப்படியே நிறுத்தினான்.

முன்பின் தெரியாதவனிடம் சொன்னதை உங்களிடம் சொல்லாமல் இருக்கலாமா? அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அது திரும்பி வந்தால் பூஜைக்குச் சந்தனம் பூசுவேன். மறுநாள் விடிந்ததும், யாராவது வருவார்கள் என்று காத்திராமல், நானே துடைப்பேன்.

உங்களிடம் ஒரே ஒரு பொய் சொன்ன,
உங்கள் வீட்டுக்காரி சரசு