வெந்நீரில் கரைத்த பொடி

அம்மாவுக்கு,

உன் காலைத் தொட்டுக் கும்பிட்டு எழுதுகிறேன். முட்டி வலி தேவலையா? மாத்திரையை நிறுத்திவிடாதே. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

பண்ணையில் இப்போது பால் மறக்கடித்த பன்றிக்குட்டிகள் என் பொறுப்பு. பிறந்த இருபத்தோராம் நாளே தாயிடமிருந்து பிரித்துவிடுவார்கள். அந்த வயிற்றுக்குத் தானியத் தீனி செரிக்காது. அதனால் தாது உப்பும், செரிக்க வைக்கும் என்சைம் பொடியும் கரைத்து ஊற்றவேண்டும்.

போன வாரம் ஒரு கூத்து. குட்டிகள் குளிரில் நடுங்குகின்றனவே என்று, ஊரில் என் பாப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சிய பழக்கத்தில், கொதிக்கிற தண்ணீரில் பொடியைக் கரைத்து, பதமாக ஆற்றி ஊற்றினேன். நாலு நாள் ஆசையாகக் குடித்தன. பிறகு வயிற்றுப்போக்கு. பதினொன்று போய்விட்டன.

"சூடு பட்டா அந்தப் பொடி வீணாப் போயிடும்மா. உன்னை யாரு சுடவைக்கச் சொன்னா?" என்று சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார். திட்டக்கூட இல்லை, பயப்படாதே. இந்த வருஷம் ஊருக்கு வர லீவு மட்டும் கிடையாதாம். அடுத்த வருஷமாவது கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பாப்பாவின் பழைய சட்டை ஒன்றைத் துவைக்காமல் அனுப்பு. அவள் எடை எவ்வளவு என்றும் எழுது. இங்கே தினமும் இருநூறு குட்டிகளை எடை போடுகிறேன், அவள் எடை எனக்குத் தெரியாது.

தீனி மணி அடித்துவிட்டது, ஓடவேண்டும். குட்டிகள் தாயைத் தேடி மூன்று நாள்தான் கத்துகின்றன, நாலாம் நாள் மறந்துவிடுகின்றன. பாப்பா எத்தனை நாள் அழுதாள் என்று நீ இதுவரை எழுதவே இல்லையே, அம்மா.

உன் மகள்