சலீம் வைத்துவிட்டுப் போன டிரங்குப் பெட்டி

என் அன்பு சலீம் மச்சானுக்கு,

நீ கண்ணை மூடி ஆறு மாதம் ஆகிறது. பத்தாவதோடு பேனாவை மூடி வைத்தவன் நான், கடிதம் எழுதுகிறேன் என்றால் நம்பமாட்டாய். ஆனால் இதை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நீ உட்கார்ந்த நாற்காலியில் இப்போது நான். கவுன்டரில் பில் போட்டுக்கொண்டிருந்தவனைப் பிடித்து, வெளிநாட்டுக் கார் ஷோரூமின் ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோருக்குப் பொறுப்பாக்கிவிட்டார்கள். என் மகள் தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டாள். அவள் வாயை நான் ஏன் அடைக்கணும்?

வருஷா வருஷம் சம்பா அறுவடைக்கு முன்னால் எஞ்சின் வயர் செட் வாங்கி வைப்பாயே, நினைவிருக்கிறதா? வயல் அறுத்ததும் எலியெல்லாம் ஊருக்குள் வந்து, நிற்கிற காருக்குள் புகுந்து வயரைக் கடித்துவிடும். "எலிக்கு உள்ளூர் காரு, ஃபாரின் காருன்னு பேதம் கிடையாது மச்சான். நமக்குத்தான் வயர் கப்பல்ல வரணும்" என்பாய். நான் சிரிப்பேன்.

நான் பொறுப்புக்கு வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தால், உன் வயர் செட் நாலும் மாதக்கணக்காக நகராமல் சிவப்பு எழுத்தில் இருந்தன. புத்திசாலி வேலை ஒன்று செய்தேன். நாலு அட்டைப்பெட்டியையும் கட்டி, கையெழுத்துப் போட்டு, கம்பெனிக்கே திருப்பி அனுப்பினேன். தூக்கும்போது லேசாகத்தான் இருந்தது. வெளிநாட்டுச் சாமான் அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. பெட்டிக்குள் பழைய செய்தித்தாள்தான் இருந்ததாம்.

மேனேஜர் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"முருகேசன், நீங்க எடுக்க மாட்டீங்க, தெரியும். சலீம் பாய் இருந்தப்பவே போயிருக்குமோ?"

"சார், அவரு ஒரு போல்ட்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்ல."

"அப்ப பேப்பரை யாருங்க திணிச்சது? திங்கக்கிழமைக்குள்ள பொருள் கிடைக்கலேன்னா அவரு பேரைத்தான் எழுதி அனுப்பணும். எனக்கும் வேற வழியில்ல."

பதில் சொல்ல நீ இல்லை. உன் பேரில் திருட்டு, அதுவும் என் கையெழுத்தால். ஒரு நிமிஷம் நானே உன்னைச் சந்தேகப்பட்டேன் மச்சான். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி ஜரீனா டீ கொடுத்தாள். எப்படிக் கேட்பது என்று நான் மென்று விழுங்கிக்கொண்டிருக்க, அவளே ஆரம்பித்தாள்.

"அண்ணே, என் டிரங்குப் பெட்டியை எப்பத் தருவீங்க?"

"எந்தப் பெட்டிம்மா?"

"ஸ்டோர்ல எலி வருது, வயரையெல்லாம் கடிச்சிரும்னு போன வருஷம் அவங்க தூக்கிட்டுப் போனாங்களே. எங்க அத்தா என் கல்யாணத்துக்குச் சீரா வாங்கிக் குடுத்தது. சாவிகூட இங்கதான் கிடக்கு."

டீயைப் பாதியில் வைத்துவிட்டுச் சாவியோடு ஸ்டோருக்கு ஓடினேன்.

மேலே மெத்தை போட்டு, நாம் மதியம் உட்கார்ந்து சாப்பிடுவோமே, அந்தப் பெட்டிதான். நீ போன பிறகும் அதில் உட்கார்ந்துதான் தினமும் தயிர்சாதம் தின்றிருக்கிறேன். ஏன் பூட்டியிருக்கிறது என்று ஒருநாளாவது யோசித்தேனா?

திறந்ததும் பாச்சை உருண்டை வாசம். நாலு வயர் செட்டும் பாலிதீன் பையில் பத்திரமாக இருந்தன. கணக்கெடுக்க லேபிள் வேண்டுமே என்று அட்டைப்பெட்டிகளை மட்டும் ரேக்கிலேயே விட்டு, நசுங்காமலிருக்கப் பேப்பரைத் திணித்திருக்கிறாய். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா, தெரியவில்லை.

மறுநாள் மேனேஜர் வந்து நாலு செட்டையும் தானே எண்ணிப் பார்த்தார். "பாயைப் பத்தி நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். நடந்ததைக் கம்பெனிக்கும் எழுதிவிட்டார். அன்று ராத்திரிதான் நான் ஒழுங்காகத் தூங்கினேன்.

தை பிறந்தது, அறுவடை மெஷின் இறங்கியது. எலி வயரைக் கடித்த முதல் காரைத் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். இதுவரை மூன்று செட் போய்விட்டன.

புது இரும்புப் பெட்டி வாங்கியாயிற்று. பழையதைத் துடைத்து ஜரீனாவிடம் சேர்த்துவிட்டேன். மோந்து பார்த்துவிட்டு, "இனி என் புடவையெல்லாம் உங்க ஸ்டோர் வாசம்தான்" என்றாள். நீ போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த சம்பாவுக்கும் வயர் செட் வந்து இறங்கும் மச்சான். கம்ப்யூட்டர் எத்தனை சிவப்பாகக் காட்டினாலும் திருப்பி அனுப்பமாட்டேன். எதில் கையெழுத்துப் போட்டாலும் திறந்து பார்த்துவிட்டுத்தான் போடுவேன். இது சத்தியம்.

ஆறு மாதம் விஷயத்தின் மேலேயே உட்கார்ந்து சாப்பிட்ட
உன் மச்சான்,
முருகேசன்