கண்ணாடி அலமாரியில் ஒரு கழுதை

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் பிள்ளை சில்வண்டும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே குளிர் தொடங்கியிருக்கும். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நின்றபடியே வேலை பார்க்கிறாய், காலுக்கு மெத்தென்று நல்ல செருப்பாக வாங்கிப் போட்டுக்கொள். கஞ்சத்தனம் பண்ணாதே.

உன் கடிதமும் நீ பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய மூன்றாவது புத்தகப் பெட்டியும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. முதல் இரண்டு பெட்டியையும் பிள்ளைகள் படித்து முடித்திருப்பார்கள், எந்தக் கதை ரொம்பப் பிடித்தது என்று விசாரித்து எழுது என்கிறாய். விசாரிக்க ஒன்றுமில்லை. ஒரு பிள்ளையும் ஒரு புத்தகத்தையும் படிக்கவில்லை. இரண்டு வருஷமாக எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் விழுந்து விழுந்து படிக்கிறார்கள் என்று நீதானே எழுதினாய் என்று கேட்பாய். நான்தான் எழுதினேன். அது பொய்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொல்லத் தொடங்கினால் நீ "பரவாயில்லண்ணே" என்பாய், நானும் அதையே சாக்காக வைத்துப் பேச்சை மாற்றிவிடுவேன். இந்த முறை நீ பரவாயில்லை என்று சொல்லக் கூடாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் புத்தகங்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்கிறேன், கேள். தலைமையாசிரியையின் அறையில், அவர் நாற்காலிக்குப் பின்னால், கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலமாரி. அதற்கு மேலே சட்டம் போட்ட உன் படம். அதுவும் என் ஸ்டூடியோவில் போட்டதுதான். உள்ளே புத்தகங்கள் உயர வாரியாக, முதுகைக் காட்டிக்கொண்டு, அட்டை நலுங்காமல் நிற்கின்றன. வரிசைக்கு இரண்டு அந்துருண்டை. சாவி தலைமையாசிரியையின் கைப்பையில். நூலகப் பொறுப்பு கணக்கு டீச்சருக்கு. வாரத்தில் ஒரு பீரியட் நூலகத்துக்கு என்று அட்டவணையில் இருக்கிறது. அந்த நேரத்தில் அவர் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லித் தருகிறார்.

இடைவேளையில் பிள்ளைகள் போய்க் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்களாம். கண்ணாடி அழுக்காகிறது என்று "தொடாதே" என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்க ஒரு வார்த்தையாவது வைத்தார்களே என்று சந்தோஷப்பட்டுக்கொள்.

ஏன் கொடுக்கவில்லை என்று ஒருமுறை கேட்டேன். கணக்கு டீச்சராவது உள்ளதைச் சொன்னார். ஒரு புத்தகம் கிழிந்தாலும் ஆய்வுக்கு வருகிறவர்கள் முன்னால் உருளப்போவது அவர் தலைதானாம். தலைமையாசிரியை அந்தச் சமாதானம்கூடச் சொல்லவில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்றார், தன்னிடம் படிக்கிற பிள்ளைகளைப் பற்றி. அந்த அலமாரியில் கற்பூர வாசனை எங்கே வருகிறது, அந்துருண்டை நாற்றம்தான் வருகிறது. வைக்கோல்போரில் படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்னவிடாது என்பார்கள். இங்கே அந்த நாய் வைக்கோலோடு நின்று போட்டோவும் பிடித்துக்கொள்கிறது.

பிடித்துக் கொடுக்கிறவன் உன் அண்ணன். வருஷா வருஷம் எல்லா வகுப்புக்கும் குரூப் போட்டோ எடுக்கிற வேலையை அந்தப் பள்ளிக்கூடம் எனக்குத் தருகிறது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். இதை மறைத்துவிட்டு அவர்களை மட்டும் திட்டினால் என்னைப் பார்த்து எனக்கே குமட்டும்.

முதல் பெட்டி வந்த அன்று நடந்ததை உனக்கு நான் எழுதவே இல்லை. பன்னிரண்டு பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தார்கள். சட்டை கிழியாதவர்கள், மூக்கு ஒழுகாதவர்கள். எல்லோரையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்து, ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து வரிசையாக உட்கார வைத்தார்கள். நம் சில்வண்டும் அதில் ஒருத்தி. அப்போது இரண்டாம் வகுப்பு. வாய் ஓயாத பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்தவளே நீதான். அவள் கைக்குக் கிடைத்தது மஞ்சள் அட்டை போட்ட ஒரு கழுதைக் கதை. ஒரு கழுதை ஊர் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டுக் கப்பல் ஏறப் போகிறதாம்.

நான் கேமராவைச் சரி பண்ணி நிமிர்வதற்குள் அவள் படிக்க ஆரம்பித்துவிட்டாள். பதினொரு பிள்ளைகள் பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறார்கள், இவள் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். காதில் விழவில்லை. மூன்று முறை எடுத்தேன், மூன்றிலும் அவள் உச்சி வகிடுதான் விழுந்தது. தலைமையாசிரியை என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு மானம் போய்விட்டது. எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"படிச்சது போதும், தலையத் தூக்குடி."

அவள் தூக்கினாள். நான்காவது படத்தில்தான் எல்லோரும் சிரிக்கிறார்கள். உனக்கு அனுப்பியது அதுதான். நீ அதை ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் காட்டினேன் என்று எழுதியிருந்தாய்.

படம் எடுத்த கையோடு புத்தகங்களை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். இவளுக்குப் பதினான்காம் பக்கம். கழுதை கப்பலில் ஏறுகிற பலகையில் இரண்டு கால் வைத்துவிட்டது, மேலே கேப்டன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்க்கிறார். அந்த இடத்தில் பிடுங்கிவிட்டார்கள். அன்றைக்கு வீடு வரை என் பின்னாலேயே அதைக் கேட்டுக்கொண்டு வந்தாள். கேப்டன் ஏற்றிக்கொண்டாரா, இறக்கிவிட்டாரா, நாளைக்கு மிச்சத்தைத் தருவார்களா. எனக்கு எரிச்சல்.

"அது படிக்கக் குடுக்கல. போட்டோவுக்குத்தான் குடுத்தாங்க" என்றேன்.

இதோ ஓர் ஆள் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்துவிட்டார். எடுத்து அனுப்பிவிட்டு எழுதுகிறேன்.

போய்விட்டார். நல்ல மனிதர், வெளிநாட்டில் உள்ள பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறாராம். அந்த நினைப்பில் சிரித்துக்கொண்டே இருந்தார். பாஸ்போர்ட் படத்தில் சிரிக்கக் கூடாது ஐயா என்று மூன்று முறை சொல்ல வேண்டியதாயிற்று. சிரிக்கிறவனைச் சிரிக்காதே என்பதும், படிக்கிற பிள்ளையைச் சிரி என்பதும்தான் என் பிழைப்பு.

விட்ட இடத்துக்கு வருகிறேன். சில்வண்டு ஒரு மாதம் விடாமல் அந்தக் கழுதையைப் பற்றிப் பேசினாள். அவளாகவே மிச்சக் கதையை ஜோடித்தாள். ஒரு நாள் கேப்டன் கழுதைக்குத் தொப்பி கொடுப்பார், ஒரு நாள் கழுதை கேப்டனை உதைத்துவிடும். அம்மா மளிகைப் பொட்டலத்தைப் பிரித்ததும் அந்தக் காகிதத்துக்கு நீ காத்துக்கொண்டிருப்பாயே, பாதியில் கிழிந்த கதைக்கு நீயே முடிவு சொல்வாயே, அதே வாய். அலமாரியில் முதல் இரண்டு வரிசைப் புத்தகங்களின் பெயர் அவளுக்கு மனப்பாடம். கண்ணாடிக்கு வெளியே நின்று முதுகை மட்டும் படித்துக் கற்றுக்கொண்டது. அதை ஒப்பித்துக்கொண்டே சாப்பிடுவாள். பிறகு எப்போது நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியவில்லை. உன் அண்ணிக்கும் தெரியவில்லை. பிள்ளை அடங்கிவிட்டாள், வளர்கிறாள் என்று பெருமைகூடப் பட்டோம்.

போன வியாழக்கிழமை மூன்றாவது பெட்டிக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். மறுபடியும் சோப்பு, மறுபடியும் பன்னிரண்டு பேர். சில்வண்டு இப்போது நான்காம் வகுப்பு. அவளை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். புத்தகத்தை வாங்கினாள். என்ன புத்தகம் என்றுகூடப் பார்க்கவில்லை. அட்டையை என் பக்கம் திருப்பி, நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, தலைப்பை விரல் மறைக்கிறதா என்று பார்த்துச் சரி பண்ணிக்கொண்டாள். நான் சொல்லாமலே சிரித்தாள். அவ்வளவு ஒழுங்கான சிரிப்பை நான் கல்யாண வீட்டில்கூட எடுத்ததில்லை.

அவளுக்குப் பக்கத்தில் ஒன்றாம் வகுப்புப் பொடிசு ஒன்று. அது புத்தகத்தைத் திறந்து ஏதோ ஒரு படத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. சில்வண்டு குனிந்து, ரொம்பப் பிரியமாக, அந்தப் பிள்ளையின் கையிலிருந்த புத்தகத்தை மூடினாள்.

"தெறக்காத. போட்டோவுக்குத்தான் குடுத்தாங்க" என்றாள்.

கேமராவைக் கீழே வைத்துவிட்டேன். தலைமையாசிரியையிடம் போய் அந்த மஞ்சள் அட்டைப் புத்தகத்தை மட்டும் எடுத்துத் தரச் சொன்னேன், என் பிள்ளைக்குப் பதினான்காம் பக்கத்திலிருந்து பாக்கி இருக்கிறது என்றேன். ஆய்வு முடியட்டும், பார்க்கலாம் என்றார். எந்த ஆய்வு என்று கேட்டேன். எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாதாம். அப்படியானால் நான் படம் எடுப்பதும் ஆய்வு முடிந்த பிறகுதான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாளே குரூப் போட்டோ வேலையைச் சந்தைக்கு எதிரில் இருக்கிற ஸ்டூடியோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். உன் அண்ணி இரண்டு நாள் பேசவில்லை. பிறகு, இதைச் செய்ய இரண்டு வருஷமா என்று கேட்டாள்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலமே சில்வண்டைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தக் கழுதையைக் கேப்டன் ஏற்றிக்கொண்டிருப்பாரா என்று கேட்டேன்.

"எந்தக் கழுதப்பா?" என்றாள்.

மறந்துவிட்டாளா, மறந்ததுபோல் இருக்கிறாளா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். வீணாய்ப் போனது என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒதுக்கிய மூன்றில் ஒன்று. பதினொரு பல் வரிசையும் ஓர் உச்சி வகிடும் இருக்கும். நீ அனுப்பிய முந்நூற்றுச் சொச்சம் புத்தகத்தில் யாராவது ஒருத்தர் படித்ததற்கு இது ஒன்றுதான் அத்தாட்சி. அந்த ஒருத்தியையும் தலையைத் தூக்கச் சொன்னவன் நான். ஆஸ்பத்திரியில் யாரிடமாவது காட்டுவதானால் இதைக் காட்டு.

பள்ளிக்கூடத்துக்கு இனி ஒரு புத்தகமும் அனுப்பாதே. அலமாரியைத் திறந்து பிள்ளைகள் கையில் கொடுக்கிற வரைக்கும் உன் படம் அந்தச் சுவரில் இருக்கக் கூடாது என்று தலைமையாசிரியைக்கு ஒரு கடிதம் எழுது. நீ எழுதினால் பயப்படுவார்கள். அப்படியும் திறக்காவிட்டால் நான் போய் வாசலில் நிற்கிறேன். இனி எனக்கு அங்கே இழப்பதற்கு ஒன்றுமில்லை.

இன்னொரு காரியம். அந்தக் கழுதைக் கதையில் இன்னொரு பிரதி கிடைக்குமா என்று பார். மஞ்சள் அட்டை, கழுதையின் கழுத்தில் ஒரு சிவப்புக் கயிறு. வீட்டு விலாசத்துக்கு அவள் பெயருக்கு அனுப்பு. முன்பக்கத்தில் நல்ல பிள்ளையாகப் படி என்று ஒன்றும் எழுதாதே. நானும் படி என்று சொல்லப் போவதில்லை. கட்டிலில் கிடக்கட்டும், அடுப்படியில் கிடக்கட்டும், எண்ணெய்க் கை படட்டும், கிழியட்டும். தினம் கடையை அடைத்துவிட்டு வந்து நானே உரக்கப் படிப்பேன். எனக்கும் முடிவு தெரியாது. பதினான்காம் பக்கம் வந்ததும் மூடி அவள் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன்.

அவளாக அதைத் திறக்க எத்தனை நாளானாலும் காத்துக்கொண்டிருப்போம், நீயும் அங்கே காத்திரு. மனசு தளராமல் இரு, உடம்பைப் பார்த்துக்கொள், கொடுக்கிற உன் கைக்கு ஒரு குறையும் வராது. அவள் படித்தால் நானே எழுதுகிறேன். போட்டோ மட்டும் கேட்காதே.

இப்படிக்கு,
உன் அண்ணன்