விளயாடு

சனிக்கிழமை, தாம்பரம்

கடையில் ஒரு பெண் பழைய வீடியோ கேம் ஆடும் கைக்கருவி வாங்கினார். பில்லுக்குப் பெயர் கேட்டேன். ஸ்டெல்லா, பம்மல் என்றார்.

கருவி சைனாவிலிருந்து வருவது. உள்ளே நான் ஏற்றும் மென்பொருள், ஆர்வலர்கள் சிலர் இணையத்தில் இலவசமாகக் கொடுப்பது. அவர்களுடைய பெயர்ப் பட்டியலை அழித்துவிட்டு என் கடைப் பெயரைப் போடுவேன். என் வியாபாரத் தந்திரமே அவ்வளவுதான்.

அவர் ஆன் செய்து பார்த்தார். "தமிழ்ல மெனு வருதே! யாரு சார் பண்ணது?"

"நாங்களேதான் மேடம். ஆறு மாசம் உக்காந்து பண்ணோம்."

அவர் திரையைக் காட்டினார். 'விளையாடு' என்பது 'விளயாடு' என்று இருந்தது.

"இந்தத் தப்பு நான் பண்ணது சார். தமிழ்ல மாத்திக் குடுத்ததே நான்தான்."

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. "புது வெர்ஷன்ல திருத்திட்டேன், அதைப் போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் புதியதை இறக்கினேன். பிழை இல்லை. பெயர்ப் பட்டியலை வழக்கம்போல் அழித்துக்கொண்டே வந்தேன். கடைசி வரியில் இருந்தது: ஸ்டெல்லா, பம்மல்.

கை நிற்கவில்லை; அந்த வரியையும் அழித்தது.